வைரஸ் லேப்ல இருந்தேன், வைரஸை மட்டும் பாக்கல

எம்எஸ்சி மைக்ரோபயாலஜி கடைசி செமஸ்டர் ப்ராஜெக்ட்ட ஒரு வைரஸ் லேப்ல பண்ணேன்னு சொன்னா சொந்தக்காரங்க மொதல்ல கேக்குறது "பயமா இல்லையா". அடுத்து கேக்குறது "வைரஸ் எப்படிம்மா இருக்கும், பாத்தியா?" பாக்கல. நான் மட்டும் இல்ல, அங்க பல வருஷமா பிஎச்டி பண்ற சீனியர்ஸ்ல பாதி பேரு அவங்க வைரஸ நேர்ல பாத்தது கிடையாது. நாங்க வேலை பண்ண டெங்கு வைரஸ் சுமாரா 50 நானோமீட்டர், சாதாரண மைக்ராஸ்கோப்ல 200 நானோமீட்டருக்குக் கீழ எதுவுமே தெளிவா தெரியாது, எலக்ட்ரான் மைக்ராஸ்கோப் இருக்குற எடத்துக்கு நாங்க போகவும் இல்ல. அப்ப அத்தன மாசமா என்னதான் பாத்த? செத்துப்போன செல்லு, கலர் மாறுன மீடியா (செல்லுக்கு சாப்பாடா ஊத்துற திரவம்), ஜெல்லுல ஒரு கோடு, கம்ப்யூட்டர்ல ஒரு வளைவு, பிளேட்ல சின்னச் சின்ன ஓட்டை. எல்லாமே வைரஸ் வந்துட்டுப் போன தடயம். ஆள யாரும் பாக்கல, தடயத்த வச்சுத்தான் கேஸு.

இத மொதல்லயே சொல்றதுக்குக் காரணம் இருக்கு. ஜூனியர்ஸ் நிறைய பேரு ஹேண்ட்ஸ்-ஆன் வேணும் ஹேண்ட்ஸ்-ஆன் வேணும்னு கேக்குறீங்க, பிசிஆர் (மரபுப்பொருளோட ஒரு துண்ட கோடிக்கணக்குல பெருக்கிப் பாக்குற முறை) கத்துக்கணும், செல் கல்ச்சர் (செல்ல லேப்ல வளக்குறது) கத்துக்கணும்னு லிஸ்ட் போடுறீங்க. மெஷின் பட்டனை அமுக்க ஒரு மதியம் போதும். அந்த மெஷின் காட்டுற தடயத்த எப்ப நம்பலாம், எப்ப நம்பக்கூடாதுங்கறதுக்குத்தான் மாசக்கணக்குல ஆகுது.

எடம் கிடைச்ச கதைய சுருக்கமா சொல்றேன், அதுல பெருசா ஒண்ணும் இல்ல. மெயில் போட்டேன், பதில் வரல, திரும்பப் போட்டேன், அப்படியே. "ரெஸ்பெக்டட் சார்"னு ஆரம்பிச்சு எல்லாருக்கும் ஒரே மெயில காப்பி பேஸ்ட் பண்ணி அனுப்புனதுக்கு யாரும் பதில் போடல, அந்த லேப் கடைசியா போட்ட ரெண்டு பேப்பரப் படிச்சுட்டு அதுல ஒரு கேள்வி கேட்டு அனுப்புனதுக்கு அந்த லேப்ப நடத்துற மேம் மறுநாளே பதில் போட்டாங்க. சம்மர்ல போகணும்னா மூணு சயின்ஸ் அகாடமியும் சேந்து நடத்துற சம்மர் ஃபெல்லோஷிப் இருக்கு, உதவித்தொகையும் தருவாங்க, வழக்கமா நவம்பர் வாக்குல அப்ளிகேஷன் முடிஞ்சுடும், அத விட்டுடாதீங்க. இன்னொரு வழியும் இருக்கு, அது காசு வாங்கிட்டு ப்ராஜெக்ட் முடிச்சுத் தர்ற ட்ரெய்னிங் சென்டர்ங்க. ஆயிரக்கணக்குல ஃபீஸ், ஒரு பேட்ச்சுக்கு பெருங்கூட்டம், ஒருத்தர் பிப்பெட் (திரவத்த அளந்து எடுக்குற கருவி) பிடிப்பாரு மத்தவங்க எல்லாம் அவரு தோளுக்குப் பின்னாடி நின்னு போட்டோ எடுப்பாங்க, கடைசில எல்லார் சர்டிஃபிகேட்லயும் ஹேண்ட்ஸ்-ஆன்னு போட்டிருக்கும். என் கிளாஸ்மேட் ஒருத்தி அப்படிப் போய்ட்டு வந்தா, அவ கையி அங்க ஒரு ட்யூபைக்கூட தொடல. வீட்ல நகைய வச்சு ஃபீஸ் கட்டுறவங்க இருக்காங்க, அதனாலதான் கோவம் வருது.

சரி, லேப்புக்கு வருவோம். சினிமால காட்டுற மாதிரி விண்வெளி டிரெஸ் மாட்டிக்கிட்டு யாரும் சுத்தல. அது பிஎஸ்எல்-4 (பயோசேஃப்டி லெவல், லேப் பாதுகாப்புல உச்சப் படி), நம்ம நாட்டுல அதுக்கு புனேல இருக்குற தேசிய வைராலஜி நிறுவனம்தான் பேர் போனது, நிப்பா மாதிரி சமாச்சாரம்லாம் அங்கதான் போகும். நாங்க இருந்தது பிஎஸ்எல்-2. கோட்டு, கிளவுஸ், முன்னாடி மூடுன செருப்பு, முடிய இழுத்துக் கட்டணும், கேபினட்ல கை விட்டு வேலை. அந்த கேபினட் பத்தி ஒண்ணு சொல்லணும். காலேஜ் லேப்ல நாம எல்லாரும் "ஹூட்"னு ஒண்ணச் சொல்லுவோம், அது பெரும்பாலும் லாமினார் ஏர் ஃப்ளோ. அதுல வடிகட்டுன காத்து உள்ள இருந்து நம்ம மூஞ்சிய பாத்து வரும். சாம்பிளுக்கு நல்லது, நமக்கு? அந்த சாம்பிள்ல இருக்குறது அப்படியே நம்ம மேலதான். வைரஸ் லேப்ல வைக்குறது பயோசேஃப்டி கேபினட், கிளாஸ் 2. முன்பக்க கிரில் காத்த உள்ள உறிஞ்சும், மேல கிருமியப் பிடிக்குற ஹெப்பா ஃபில்டர், சாம்பிளுக்கும் பாதுகாப்பு, உக்காந்திருக்குறவங்களுக்கும் பாதுகாப்பு. ரெண்டும் பாக்க ஒரே மாதிரி கண்ணாடிப் பெட்டி. மூணு வருஷம் பிஎஸ்சி, அப்புறம் எம்எஸ்சி, இந்த வித்தியாசத்த ஒருத்தரும் எங்களுக்கு சொன்னதில்ல. சொல்லிருந்தாலும் நாங்க நோட்ஸ்ல எழுதிட்டு மறந்திருப்போம், அது வேற. முன்பக்க கிரில் மேல கைய வச்சா, நோட்டு வச்சா, காத்தோட்டமே கெட்டுடும்னு சீனியர் அக்கா சொல்லி, ஒரு மெல்லிசு டிஷ்யூ பேப்பர அது பக்கத்துல பிடிச்சு எந்தப் பக்கம் இழுக்குதுன்னு காட்டுனப்பதான் எனக்கு மண்டைல ஏறுச்சு.

மொதல்ல எனக்குக் கொடுத்தது தண்ணி. நெசமாவே தண்ணி. தராசுல ஒரு சின்ன ட்யூப வச்சு, 1000 மைக்ரோலிட்டர் தண்ணிய பிப்பெட்ல எடுத்து விட்டா ஒரு கிராம் காட்டணும், 100 விட்டா 0.1 கிராம். திரும்பத் திரும்ப விடணும், எல்லாம் ஒரே மாதிரி வரணும். கேவலமா இருந்துச்சு, நான் என்ன ஸ்கூல் புள்ளயானு. ஆனா பிப்பெட்ல ரெண்டு ஸ்டாப் இருக்கு, எடுக்கும்போது மொத ஸ்டாப் வரைக்கும்தான் அமுக்கணும், டிப்ப ஆழமா முக்கக்கூடாது, சட்டுனு விட்டா குமிழி வரும், நேரா பிடிக்கணும், இதெல்லாம் புக்குல ஒரு வரி, கைக்கு வர்றதுக்கு பல நாள். பிசிஆர்ல 2 மைக்ரோலிட்டர் போடணும்னா டிப் நுனில அது கண்ணுக்கே சரியா தெரியாது, அங்க கை கொஞ்சம் அசந்தா ரிசல்ட்டே வேற.

அதுக்கப்புறம் வைரஸ் கொடுத்தாங்க. மனுஷன தொடாத, பாக்டீரியாவ மட்டும் தாக்குற வைரஸ், பாக்டீரியோஃபேஜ், சுருக்கமா ஃபேஜ். ஹாஸ்டல் கழிவுநீர் சுத்திகரிப்புத் தொட்டில இருந்து ஒரு பாட்டில் தண்ணி எடுத்துட்டு வரச் சொன்னாங்க (அந்த பாட்டில பஸ்ல கொண்டுவந்த கதைய வீட்ல இன்னிக்கு வரைக்கும் சொல்லல). அத சென்ட்ரிஃப்யூஜ் பண்ணி 0.22 மைக்ரான் ஃபில்டர்ல வடிகட்டுனா பாக்டீரியா எல்லாம் மேல நின்னுடும், ஃபேஜ் கீழ வந்துடும். அத ஈ கோலைங்கற பாக்டீரியாவோட சேத்து மெல்லிசா ஒரு அகர் லேயரா ஊத்தி ராத்திரி 37 டிகிரில வச்சா, காலைல பிளேட் முழுக்க பாக்டீரியா வெள்ளையா படந்திருக்கும், நடுநடுல தெளிவா வட்ட வட்டமா ஓட்டை. அதுதான் பிளாக். ஒரு ஓட்டைன்னா ஒரு ஃபேஜ்ல இருந்து ஆரம்பிச்சதுன்னு கணக்கு. இந்தியாவுக்கும் இதுக்கும் பழைய சம்பந்தம் உண்டு, 1896-லயே ஹேங்கின்னு ஒரு ஆளு கங்கை, யமுனை தண்ணிய வடிகட்டுனதுக்கு அப்புறமும் அதுல ஏதோ ஒண்ணு காலரா கிருமிய கொல்லுது, காய்ச்சுனா அந்த சக்தி போயிடுதுன்னு எழுதி வச்சாரு. அப்ப ஃபேஜ்ங்கற பேரே கிடையாது, அந்தப் பேர 1917-ல டெரெல் வச்சாரு.

ஃபேஜ எதுக்குக் கொடுத்தாங்கன்னா, டெங்குல ஒரு பிளாக் அஸ்ஸே (ஓட்டைய எண்ணி வைரஸ அளக்குற சோதனை) முடிய அஞ்சு நாள் ஏழு நாள் ஆகும், ஃபேஜ்ல ஒரே ராத்திரி. டைல்யூஷன (பத்து பத்து மடங்கா நீர்க்க வைக்குறத) சொதப்புனா மறுநாள் காலைலயே தெரிஞ்சுடும், திருத்திக்கலாம், செலவும் கம்மி. மேமோட இந்த ஐடியா எனக்கு ரொம்பப் புடிச்சுது. நெறைய லேப்ல இன்டர்ன்னா நேரா போய் சீனியர் பக்கத்துல நின்னு வேடிக்க பாக்க விட்டுடுறாங்க, இந்த மாதிரி ஆபத்தில்லாத ஒண்ண கைல கொடுத்து கெடுத்துப் பழகுனு விடுறதில்ல.

செல் கல்ச்சர்தான் அடுத்தது, அதுதான் எனக்கு ரொம்ப இஷ்டமான பகுதி, அதனால கொஞ்சம் நீட்டுவேன். வைரஸ் தனியா வளராது, அதுக்கு உயிருள்ள செல்லு வேணும். எங்ககிட்ட ரெண்டு வகை. ஒண்ணு வீரோ. 1962-ல ஜப்பான்ல சிபா பல்கலைக்கழகத்துல ஒரு ஆப்பிரிக்கப் பச்சைக் குரங்கோட கிட்னில இருந்து எடுத்தது, அந்தக் குரங்கு எப்பவோ போய் சேந்துடுச்சு, அதோட செல்லு இன்னிக்கு வரைக்கும் உலகம் பூரா ஃப்ளாஸ்க்ல ஓடிட்டு இருக்கு. வைரஸ் வந்தா செல்லு பக்கத்து செல்லுக்கெல்லாம் இன்டர்ஃபெரான்னு ஒண்ண விட்டு எச்சரிக்கை பண்ணும்ல, வீரோவுக்கு அத தயாரிக்கத் தெரியாது, அதனால பல வைரஸ் இதுல சுகமா வளருது. கோவாக்சின் போட்டுக்கிட்டவங்களுக்கு சொல்றேன், அந்த வைரஸ வளத்தது இதே வீரோ செல்லுலதான். வெறிநாய்க்கடி தடுப்பூசியும் நிறைய இதுலதான் வருது, நம்ம குன்னூர் பாஸ்டர் இன்ஸ்டிடியூட்லயும் வீரோல பண்ணிருக்காங்க.

இன்னொண்ணு சி6/36. இது கொசு செல்லு. இந்தக் கதைய கேட்டப்ப எனக்குக் கொஞ்சம் பெருமையாவே இருந்துச்சு. 1967-ல புனேல, அப்ப அதுக்கு வைரஸ் ரிசர்ச் சென்டர்னு பேரு, கே.ஆர்.பி. சிங்னு ஒரு விஞ்ஞானி ஏடிஸ் ஆல்போபிக்டஸ் கொசுவோட லார்வாவ நறுக்கி அதுல இருந்து வளத்தெடுத்த செல் லைன் அது. 1978-ல இகராஷி அதுல இருந்து டெங்கு நல்லா வளர்ற ஒரு குளோனப் பிரிச்செடுத்தாரு, அதுதான் சி6/36. இன்னிக்கு பிரேசில்ல டெங்கு பாக்குறவங்களும் தாய்லாந்துல பாக்குறவங்களும் இத வச்சுத்தான் பாக்குறாங்க. நம்ம டெக்ஸ்ட் புக்ல ஹீலா செல் (மனுஷ புற்றுநோய்ல இருந்து எடுத்த செல்லு) பத்தி பக்கம் பக்கமா இருக்கும், புனே கொசு செல் பத்தி ஒரு வரி இருக்காது.

வீரோவுக்கு 37 டிகிரி, 5 சதவீதம் கார்பன் டை ஆக்சைடு. கொசு செல்லுக்கு 28 டிகிரி போதும். வீரோ ஃப்ளாஸ்க் அடில நல்லா ஒட்டிக்கும், ட்ரிப்சின்ங்கற என்சைம ஊத்தித்தான் பிரிக்கணும், ட்ரிப்சின் ஊத்திட்டு மைக்ராஸ்கோப்ல பாத்துக்கிட்டே இருக்கணும், நீளமா இருந்த செல்லெல்லாம் உருண்டை ஆகி நழுவ ஆரம்பிக்குற அந்த நிமிஷத்துல சீரம் (ரத்தத்துல செல்லெல்லாம் நீக்குன தெளிஞ்ச திரவம்) கலந்த மீடியா ஊத்தி நிறுத்தணும், விட்டா செல்லு செத்துடும். கொசு செல்லு அப்படி இல்ல, ஃப்ளாஸ்க்க கையால நாலு தட்டு தட்டுனா பிரிஞ்சுடும். மீடியா ரோஸ் கலர்ல இருக்கும், செல்லு வளர வளர அமிலம் கூடி மஞ்சளா மாறும். ஒரே ராத்திரில மஞ்சளாகி கலங்கலாவும் இருந்தா பாக்டீரியா புகுந்துடுச்சுன்னு அர்த்தம். ஒரு தடவ எங்க லேப்ல ஒரு வாரம் முழுக்க எல்லாரோட ஃப்ளாஸ்க்லயும் பூஞ்சை, யாரு பண்ணதுன்னு ஒருத்தர ஒருத்தர் ஓரக்கண்ணால பாத்துக்கிட்டு இருந்தோம், கடைசில பாத்தா இன்குபேட்டர் அடில ஈரப்பதத்துக்காக வைக்குற தண்ணி ட்ரேலதான் அது குடித்தனம் நடத்திட்டு இருந்துச்சு. இதைவிட மோசம் மைக்கோப்ளாஸ்மாங்கற ரொம்பச் சின்ன பாக்டீரியா, அது வந்தா கலங்கலும் ஆகாது மஞ்சளும் ஆகாது, செல்லு நல்லா இருக்குற மாதிரியே இருக்கும், ரிசல்ட் மட்டும் கிறுக்குத்தனமா வரும், அதுக்குன்னு தனியா டெஸ்ட் பண்ணித்தான் கண்டுபிடிக்கணும்.

டெங்கு வைரஸ் ஸ்டாக்க இன்டர்ன் தொட அனுமதி இல்ல, அக்கா பண்ணுவாங்க, நான் பக்கத்துல உக்காந்து டைமர், லேபிள், எழுத்து. சரியான ரூல்தான், ஊசி, கண்ணாடி மாதிரி கிழிக்குற சாமான் எதுவுமே அந்த வேலைல உள்ள வரக்கூடாதுன்னும் கறாரா இருந்தாங்க. வீரோ செல்லு படந்த, 6 குழி (நாங்க கிணறுன்னு சொல்லுவோம்) இருக்குற பிளேட்ல பத்து பத்தா குறைச்ச டைல்யூஷன்ல வைரஸ ஊத்தி, ஒரு மணி நேரம் வச்சு, நடுல பதினஞ்சு நிமிஷத்துக்கு ஒரு தடவ ஆட்டி விட்டு, மேல கார்பாக்ஸிமெத்தில் செல்லுலோஸ்னு ஒரு கொழகொழ திரவத்த ஊத்தணும். அந்தக் கொழகொழப்புதான் சூட்சுமம், வைரஸ் நீந்தி தூரமா போக முடியாம பக்கத்து செல்ல மட்டும் தாக்கும், அதனால ஓட்டை தனித்தனியா விழும். ஃபேஜ்ல ரொம்ப நாளா பண்ணிட்டு இருந்த இந்த வித்தைய விலங்கு வைரஸுக்குக் கொண்டு வந்தது டல்பெக்கோங்கற விஞ்ஞானி, 1952-ல. நாள் முடிஞ்சதும் ஃபார்மலின் ஊத்தி வைரஸ கொன்னுட்டு கிரிஸ்டல் வயலட் ஊத்துனா உயிரோட இருந்த செல்லெல்லாம் ஊதா, செத்த எடம் வெள்ளை ஓட்டை. எண்ணுற வேல எனக்கு. 10000 மடங்கு குறைச்ச கிணத்துல 0.2 மில்லி ஊத்தி 42 ஓட்டை இருந்தா, ஒரு மில்லில 21 லட்சம் பிளாக் உண்டாக்குற வைரஸ்னு கணக்கு. நகத்துல ஊதாக்கலர் போகவே போகாது, கல்யாண வீட்டுக்கு அப்படியே போனேன், மருதாணியானு கேட்டாங்க.

ஆறு கிணத்துல ஒண்ணுல வைரஸே ஊத்த மாட்டோம். வெறும் மீடியா. அதுக்குப் பேரு மாக். மொத தடவ பாத்தப்ப செல்லுக்கும் மீடியாவுக்கும் பிடிச்ச கேடுன்னுதான் தோணுச்சு, சீரம் விக்குற விலைக்கு ஒரு கிணத்த சும்மா விடணுமானு. அப்புறம் ஒரு பிளேட்ல அந்த மாக் கிணத்துலயும் செல்லு அங்கங்க செத்துப் பிரிஞ்சு ஓட்டை மாதிரியே தெரிஞ்சுது. அக்கா மத்த அஞ்சு கிணத்த எண்ணக்கூட இல்ல, மொத்த பிளேட்டையும் டிஸ்கார்ட் பண்ணச் சொல்லிட்டாங்க. ஒரு வார வேல போச்சு. "மத்த கிணத்துல இருக்குற ஓட்டை வைரஸ் போட்டதுன்னு எப்படி சொல்லுவ?"னு மட்டும் கேட்டாங்க. பதில் இல்ல.

பிசிஆர்லயும் இதே கதைதான், இன்னும் கறாரா. மழைக்காலம் ஆரம்பிச்சு அக்டோபர் நவம்பர்ல காய்ச்சல் சாம்பிள் குவிய ஆரம்பிக்கும், ஐஸ் பெட்டில வரும். டெங்குவோட மரபுப்பொருள் ஆர்என்ஏ, அது ரொம்பத் தொட்டாசிணுங்கி, நம்ம விரல்ல இருக்குற என்சைமே அத தின்னுடும், அதனால கிளவுஸ மாத்தி மாத்தி போட்டுக்கிட்டே இருக்கணும். எக்ஸ்ட்ராக்‌ஷன் கிட்ல 140 மைக்ரோலிட்டர் சீரம், அதுக்கு நாலு மடங்கு பஃபர், அந்த பஃபர் வைரஸ உடைச்சுக் கொன்னுடும், அதுக்கப்புறம்தான் நமக்கு நிம்மதி. அதுல குவானிடின் உப்பு இருக்கும், அது கலந்த கழிவுல பழக்கதோஷத்துல ப்ளீச்ச ஊத்துனா விஷ வாயு வரும். லேப்ல எல்லாத்துக்கும் ஹைப்போகுளோரைட்ட ஊத்திப் பழகுன கைக்கு இது ஆபத்து, இத பேப்பர்ல எழுதி சிங்க் மேல ஒட்டிருந்தாங்க.

பிசிஆருக்கு மூணு ரூம். ஒண்ணுல மிக்ஸ் தயார் பண்றது, ஒண்ணுல ஆர்என்ஏ சேக்குறது, ஒண்ணுல மெஷினும் ஜெல்லும். இந்த வரிசைல ஒண்ணுல இருந்து அடுத்ததுக்குப் போகலாம், அன்னிக்குத் திரும்பி வரக்கூடாது. கோட்டு கூட ரூமுக்கு ரூம் வேற. ஏன்னா பிசிஆர் முடிஞ்ச ஒரு ட்யூப்ல அதே துண்டோட கோடிக்கணக்கான காப்பி இருக்கும், மூடிய திறக்கும்போது அதுல ஒரு துளி காத்துல பறந்து மிக்ஸ் ரூமுக்குப் போச்சுன்னா அதுக்கப்புறம் ஊர்ல இருக்குற எல்லாருக்கும் டெங்கு பாசிட்டிவ். அத கண்டுபிடிக்கத்தான் டெம்ப்ளேட் (சாம்பிளோட மரபுப்பொருள்) இல்லாம வெறும் தண்ணி போட்ட ஒரு ட்யூப், என்டிசி. அதுல எதுவும் வரக்கூடாது. வந்தா மொத்த ரன்னும் குப்பை. இருக்குற எல்லா ட்யூப்லயும் நான் மொதல்ல பாக்குறது இப்ப அதத்தான்.

டெங்குல நாலு வகை இருக்குல்ல, அத ஜெல்லுல பிரிச்சுப் பாக்குறது ஒரு அழகு, பிசிஆர்ல பெருகுன துண்ட அந்த ஜெல் நீளம் வாரியா பிரிச்சுக் காட்டும். 1992-ல லான்சியாட்டி குழு போட்ட முறை, ரொம்பப் பழசு ஆனா சொல்லிக்கொடுக்க இதைவிட நல்லது இல்ல. முதல் வகைன்னா 482 பேஸ் (டிஎன்ஏ எழுத்து) நீளத்துல கோடு, ரெண்டாவது 119, மூணாவது 290, நாலாவது 392. நீளம் தெரிஞ்ச துண்டுங்க இருக்குற லேடர் பக்கத்துல வச்சுப் பாத்தா கோடு எங்க நிக்குதோ அதுதான் வகை. நான் சேத்த ட்யூப்ல 290 பக்கத்துல மொத கோடு வந்தப்ப ஜெல் டாக் ரூம்ல கத்திட்டேன். அக்கா அசரல, "என்டிசி எங்க, பாசிட்டிவ் கன்ட்ரோல் எங்க, அதக் காட்டு"ன்னாங்க. பாசிட்டிவ் கன்ட்ரோல்னா டெங்கு இருக்குன்னு முன்னாடியே தெரிஞ்ச ட்யூப். இப்ப எல்லாரும் ஓடும்போதே அளவு காட்டுற ரியல்-டைம் பிசிஆருக்குப் போயிட்டாங்க, கொரோனா புண்ணியத்துல சிடி வேல்யூனா (எத்தனாவது சைக்கிள்ல சிக்னல் தெரியுதுங்கற நம்பர்) என்னன்னு எங்க தெரு மளிகைக்கடை அண்ணாச்சிக்கே தெரியும், நம்பர் குறைய குறைய வைரஸ் ஜாஸ்தி, பத்து மடங்குக்கு சுமாரா 3.3 சைக்கிள் வித்தியாசம்.

இதெல்லாம் பண்ணிட்டு இருக்கும்போதுதான் நிர்மலா மேடம் கதைய மேம் சொன்னாங்க. 1985-86-ல சென்னை மருத்துவக் கல்லூரில செல்லப்பன் நிர்மலா மைக்ரோபயாலஜி மாணவி, அவங்க ஆய்வுக்கு அவங்க பேராசிரியர் சுனிதி சாலமன் மேடம் கொடுத்த தலைப்பு எச்ஐவி. அப்ப இந்தியால அது இருக்குன்னே யாரும் நம்பல, அதெல்லாம் வெளிநாட்டுக்காரங்க சமாச்சாரம்னு பேப்பர்ல எழுதிட்டு இருந்த காலம். கிளவுஸ் கூட இல்லாம பாலியல் தொழில் பண்ற பெண்கள்கிட்ட ரத்தம் எடுத்திருக்காங்க, கணவர்தான் ஸ்கூட்டர்ல கூட்டிட்டுப் போயிருக்காரு, சென்னைல டெஸ்ட் பண்ண வசதி இல்ல, சீரத்த வீட்டு ஃப்ரிட்ஜ்ல வச்சு அப்புறம் ராத்திரி ரயில்ல வேலூர் சிஎம்சிக்கு எடுத்துட்டுப் போயிருக்காங்க. அங்க வைராலஜில ஜேக்கப் ஜான் சார் ஏற்பாடு. எச்ஐவி எதிர்ப்பொருள் இருந்தா கலர் மாறுற எலைசா பிளேட்ல ஆறு சாம்பிள் மஞ்சளா மாறிடுச்சு. நம்ம ஆளுங்க இந்த எடத்துல நிறுத்திடுவாங்க, இந்தியாவோட மொத எச்ஐவி கண்டுபிடிப்புனு கைதட்டி முடிச்சுடுவாங்க. எனக்குப் புடிச்சது அதுக்கு அடுத்தது. அந்த மஞ்சள அவங்க யாரும் உடனே நம்பல. திரும்பப் பண்ணாங்க, அப்பவும் மஞ்சள். அந்தப் பெண்கள்கிட்ட திரும்பப் போய் ரத்தம் எடுத்து, அமெரிக்காவுக்கு அனுப்பி வெஸ்டர்ன் பிளாட்ங்கற இன்னொரு சோதனைல உறுதி பண்ணதுக்கு அப்புறம்தான் அரசாங்கத்துக்கிட்ட போச்சு, சட்டசபைல அமைச்சர் அறிவிச்சாரு. அப்பவும் ஊரு நம்பல, அது வேற கதை.

ஒரு மாணவியோட தீசிஸ் அது. நாமெல்லாம் தீசிஸ்ல அக்னாலெட்ஜ்மென்ட் பக்கத்துக்குத்தான் ஜாஸ்தி மெனக்கெடுறோம்.

குறையும் சொல்லணும்ல. இன்டர்ன்னா பாதி நேரம் எக்ஸெல் ஷீட்டுதான், சாம்பிள் நம்பர், வயசு, காய்ச்சல் எத்தனாவது நாள், ஊரு. எரிச்சலா இருக்கும், ஆனா அஞ்சாவது நாளுக்குள்ள எடுத்த ரத்தத்துல என்எஸ்1-ம் (வைரஸோட புரதத்தப் பாக்குற டெஸ்ட்) பிசிஆரும், அதுக்கப்புறம் எடுத்ததுல ஐஜிஎம்-மும் (உடம்பு உண்டாக்குற எதிர்ப்பொருளப் பாக்குற டெஸ்ட்)தான் நல்லா வேலை செய்யும்ங்கறது எனக்குப் பாடத்துல ஏறல, அந்த ஷீட்ட அடிச்சு அடிச்சுத்தான் ஏறுச்சு. நாள் தப்பா எழுதி வந்த சாம்பிள்ல மெஷின் நெகட்டிவ்னு சொன்னா அந்த நெகட்டிவுக்கு மதிப்பே இல்ல. அப்புறம் உதவித்தொகை கிடையாது, ஹாஸ்டல், சாப்பாடு, பஸ் எல்லாம் வீட்டுக் காசு, இது எல்லாராலயும் முடியாது, திறமை இருந்தும் இதனாலயே வராதவங்க என் கிளாஸ்லயே இருக்காங்க. ஆட்டோகிளேவ் (நீராவி அழுத்தத்துல கிருமிய கொல்லுற மெஷின்) பாத்துக்குற அண்ணா பத்தியும் ஒரு வார்த்தை, 121 டிகிரி, 15 பவுண்டு, எப்ப எத வைக்கணும் எத வைக்கக்கூடாது, எந்த கலர் பைல எந்தக் குப்பைனு லேப்லயே அவருக்குத்தான் முழுசா தெரியும், புது இன்டர்ன் வந்தா மேமுக்கு முன்னாடி அவருகிட்ட மரியாதையா பேசிப் பழகிக்கோங்க.

வீட்ல அம்மா நான் வந்ததும் குளிச்சுட்டுத்தான் சமையக்கட்டுக்குள்ள வரணும்னு சட்டம் போட்டாங்க. டெங்கு கொசு கடிச்சுத்தான்மா வரும், என்னத் தொட்டா வராதுன்னு எவ்வளவோ சொன்னேன். "நீ பாக்கவே இல்லன்ற, அப்புறம் எப்படி சட்டைல இல்லனு சொல்ற"னு திருப்பிக் கேட்டாங்க. மேம்கிட்ட சொன்னேன், அம்மாவ லேப்புக்குக் கூட்டிட்டு வா வைவாக்கு வச்சுக்கலாம்னு சிரிச்சாங்க.

இந்த வருஷம் மெயில் போடப் போறவங்க ரெண்டு விஷயம் கேட்டுக்கோங்க, எனக்கு தனி பெஞ்ச் வேல இருக்குமா வேடிக்கதானா, கன்ஸ்யூமபிள்ஸ் செலவு யாரோடது. மனுஷ ரத்தம், சீரம் கையாள்ற லேப்னா ஹெபடைடிஸ் பி ஊசி போட்டிருக்கீங்களானு கேப்பாங்க, மூணு டோஸ், ரெண்டாவது ஒரு மாசம் கழிச்சு, மூணாவது ஆறாவது மாசம். சேர்ற வாரத்துல போய் அத ஆரம்பிச்சா ப்ராஜெக்ட்டே முடிஞ்சுடும், அதனால எடம் கிடைக்குதோ இல்லையோ மொத டோஸ இப்பவே போட்டுடுங்க.